நீலசந்திராவின் நலம் யார் பொறுப்பு?

நோய்த்தடுப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நம் ஆட்சியாளர்கள் அறிவுரையில் தொடங்கி அறிவுரையிலேயே முடித்துவிடுகின்றனர். உப்பைக் குறையுங்கள், இனிப்பைத் தவிருங்கள், நாள்தோறும் நடைப்பயிற்சி செய்யுங்கள், புகையிலையைத் தொடாதீர்கள் என்று சுவர்தோறும் எழுதிவைப்பதோடு கடமை தீர்ந்ததாகக் கருதுகின்றனர். அறிவுரையில் பிழையில்லை. அதை யாரிடம் சொல்கிறோம், எந்த மொழியில் சொல்கிறோம், கேட்பவரின் அன்றாட வாழ்வில் அதற்கு இடமிருக்கிறதா என்ற வினாக்களை எழுப்பாதவரை, எழுதிய சொல் சுவரைவிட்டு இறங்குவதில்லை. பெங்களூரு மாநகரின் நீலசந்திராவை முன்வைத்து இவ்வினாக்களை எழுப்புவது இன்று இன்றியமையாததாகிறது.

ஆஸ்டின் டவுன், விவேக்நகர், ஆனேபாளையம், ஈஜிபுரம் ஆகியவற்றுக்கிடையே அமைந்த நெருக்கமான குடியிருப்பு நீலசந்திரா. 1809 முதல் ஆங்கிலேயர் நிறுவிய படைத்தலமான ‘தண்டு’, தமிழகத்து வட மாவட்டங்களிலிருந்து சிப்பாய்களையும் கொத்தர்களையும் தச்சர்களையும் வீட்டுப் பணியாளர்களையும் ஈர்த்தது. 1949-இல் தண்டும் பழைய நகரும் ஒரே மாநகராட்சியாக இணைந்தன. அதன் பின்னரும் இப்பகுதிகளின் மொழியும் வழிபாடும் மாறவில்லை. தமிழ் பேசும் இந்துக்களும் கிறித்தவரும், உருது பேசும் இசுலாமியரும் ஒரே சந்தில் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்கின்றனர். மொழியால் சிறுபான்மையர் சிலர். சமயத்தால் சிறுபான்மையர் சிலர். இரண்டாலும் சிறுபான்மையர் பலர். ஓட்டுநர், வண்ணம் பூசுவோர், தையற்காரர், துப்புரவுத் தொழிலாளர், அடுக்குமாடி வீடுகளில் சமைத்துத் துடைக்கும் பெண்கள் என உடலுழைப்பை நம்பி வாழ்வோரே இங்கு மிகுதி.

1898-இல் கொள்ளைநோய் பெங்களூரை உலுக்கியபோது நெரிசலான தெருக்களே முதலில் வெறிச்சோடின. அக்காலத்து நோய் கண்ணுக்குத் தெரிந்தது, ஊரை அஞ்சவைத்தது, அரசையும் ஓடிவரச் செய்தது. இன்று இத்தெருக்களில் குடியேறியிருக்கும் நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் இருதய நோயும் சிறுநீரகக் கேடும் அப்படிப்பட்டவையல்ல. ‘சுகர்’, ‘பிரஷர்’ என்று மக்கள் வீட்டுப்பெயர் வைத்தழைக்கும் இந்நோய்கள் ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி உடலை அரிக்கின்றன. ஓசையில்லாததால் அரசும் ஓடிவருவதில்லை.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. நீலசந்திரா மருத்துவமனைகளுக்குத் தொலைவான ஊரன்று. புனித ஃபிலோமினா மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது. கோரமங்கலாவில் புனித ஜான் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. ஒசூர்ச் சாலையில் நரம்பியலுக்கு நிம்ஹான்ஸும் புற்றுநோய்க்குக் கித்வாயும் அடுத்தடுத்து நிற்கின்றன. இந்திய நாட்டின் பெயர்பெற்ற மருத்துவ நிலையங்கள் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் இருந்தும், அவை நோய் முற்றிய பின் நாடும் இடங்களாகவே இம்மக்களுக்கு அமைந்துள்ளன. பக்கவாதம் வந்த பின் நிம்ஹான்ஸ் வாசலில் நிற்பவருக்குப் பத்தாண்டுகளுக்கு முன்னர்த் தேவைப்பட்டது, தெருமுனையில் இரத்த அழுத்தம் பார்க்கும் ஒரு கருவியும் மாதந்தோறும் தவறாமல் கிடைக்கும் ஓர் அட்டை மாத்திரையுமே.

அந்த மாத்திரை ஏன் கிடைப்பதில்லை? விடியுமுன் எழுந்து வீட்டுக்குச் சமைத்துவிட்டுக் கோரமங்கலா வீடுகளுக்கு வேலைக்குச் செல்லும் பெண்ணின் நாளைப் பாருங்கள். காலையில் ஒரு தேநீரும் பன்னும். முதல் வேளைச் சோறு வீடு திரும்பிய பின் நண்பகல் தாண்டி. அரசு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் இயங்கும் பகற்பொழுதும் அவருடைய வேலை நேரமும் ஒன்றே. போனால் அன்றைய கூலி போயிற்று; இரண்டாம் முறை போனால் வேலையே போகலாம். ஆகவே மாலையில் தெருவோரத் தனியார் மருத்துவரிடம் செல்கிறார். மருந்துக்கடையில் முழு அட்டை வாங்கக் கையில் பணமில்லாதபோது நான்கு மாத்திரையைக் கத்தரித்து வாங்குகிறார். தலைசுற்றல் தீர்ந்ததும் நிறுத்திவிடுகிறார். சென்ற ஆண்டுச் சீட்டு, வேறொரு மருத்துவரின் சீட்டு, வெறுமையான மாத்திரை அட்டைகள் எல்லாம் ஒரே நெகிழிப் பையில் கிடக்கின்றன. அடுத்த மருத்துவர் அவற்றைப் பிரித்துப் பார்ப்பதில்லை. இதற்கு அப்பெண்ணின் ‘அலட்சியம்’ என்று பெயர் சூட்டுவது அநீதி.

இவ்வாறு சொல்வது ஊகத்தின்மேல் அன்று. இதே மாநகரின் வடபகுதியில், இசுலாமியரும் தமிழ் பேசுவோரும் கணிசமாக வாழும் காடுகொண்டனஹள்ளியில், பெங்களூருவின் பொதுச் சுகாதார நிறுவனம் 2009 முதல் களப்பணி ஆற்றியது. அங்கு 9,299 வீடுகளில் எடுத்த கணக்கெடுப்பின் முடிவுகள் 2012, 2013 ஆண்டுகளில் வெளிவந்தன. வயதுவந்தோரில் 13.8 விழுக்காட்டினர் தமக்கு நாட்பட்ட நோய் இருப்பதாகத் தாமே கூறினர். இரத்தக் கொதிப்பு 10 விழுக்காடு, நீரிழிவு 6.4 விழுக்காடு. இவை அறிந்தவர் சொன்ன கணக்கு மட்டுமே. சோதித்துப் பார்க்காததால் தமக்கு நோயிருப்பதே தெரியாதவர் இக்கணக்கில் அடங்கார்.

அவ்வாய்வு உடைத்தெறிந்த ஒரு மயக்கம் உண்டு. நீரிழிவும் கொதிப்பும் செல்வர் வீட்டு நோய்கள், உண்டு கொழுத்தோர்க்கு வருபவை என்பது நம்மிடையே ஊறிய எண்ணம். காடுகொண்டனஹள்ளியிலோ வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோர் நாட்பட்ட நோய் உண்டெனக் கூறும் வாய்ப்பு, மேலுள்ளோரைவிட ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. நோயுற்றோரில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் தனியாரிடமே மருத்துவம் பார்த்தனர். அரசு நிலையம் இருந்தும் மருந்தும் சோதனை வசதியும் போதிய அளவில் இல்லாமை, சிகிச்சைப் பதிவேடுகள் முறையாகப் பயன்படாமை, நோயாளிக்கு விளக்கிச் சொல்ல எவருக்கும் நேரமின்மை ஆகியவற்றை அதே நிறுவனத்தின் பிற்காலத்து ஆய்வு எடுத்துக்காட்டியது.

செலவுக் கணக்கு இன்னும் கொடியது. அங்கு நாட்பட்ட நோயாளி உள்ள வீடுகளில் 16 விழுக்காடு, மாத வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் புறநோயாளிச் சிகிச்சைக்கே கொட்டின. இச்செலவால் ஒரே மாதத்தில், வறுமைக்கோட்டுக்குக் கீழிருந்தோர் எண்ணிக்கை இரட்டித்தது. அறுவை சிகிச்சையாலோ மருத்துவமனைச் சேர்க்கையாலோ வந்த கடனன்று இது. மருத்துவர் கட்டணம், மாத்திரை, இரத்தச் சோதனை என்று சிறுகச் சிறுகக் கரைந்த பணம். நம் அரசுக் காப்பீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்தபின் வரும் செலவையே ஏற்கின்றன. படுக்காமல் இருப்பதற்காக மாதந்தோறும் செய்யும் செலவு நோயாளியின் தலையிலேயே விழுகிறது. நோய் முற்றினால் உதவுவோம், முற்றாமல் காத்துக்கொள்ள உதவோம் என்பதுதான் இதன் பொருள்.

நாடளாவிய நிலையும் ஆறுதல் தருவதாக இல்லை. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் 10.1 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்கின்றனர், மேலும் 13.6 கோடிப் பேர் அதன் முன்நிலையில் உள்ளனர். வயதுவந்தோரில் 35.5 விழுக்காட்டினர்க்கு இரத்தக் கொதிப்பு உண்டு. மலேசியாவில் 2019-இல் நடந்த தேசியச் சுகாதார ஆய்வில், தமிழரே பெரும்பான்மையான அந்நாட்டு இந்தியரிடையே நீரிழிவு 31.4 விழுக்காடு, மலாய், சீன மக்களைவிட அது மிகுதி. புலம்பெயர்ந்து சிறுபான்மையராய் வாழும் நம்மவர் எங்கும் இந்நோய்க்கு எளிதில் இரையாகின்றனர் என்பது நாம் கருத்தில் கொள்ளவேண்டிய செய்தி.

இதற்கெல்லாம் உணவுக் கட்டுப்பாடின்மையே காரணம் என்போர்க்கு மைசூரு விடை தருகிறது. அங்குள்ள ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை, 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடையைக் குறித்துவைத்திருந்தது. அவ்வேடுகளைக் கொண்டு, 1934-க்கும் 1954-க்கும் இடையே அங்குப் பிறந்த 517 பேரைத் தேடிப்பிடித்துச் சோதித்தனர் ஆய்வாளர். 1996-இல் முடிவு வெளியாயிற்று. பிறக்கும்போது இரண்டரைக் கிலோவோ அதற்குக் குறைவோ இருந்தோரில் 11 விழுக்காட்டினர்க்கு இருதய நோய் இருந்தது, 3.1 கிலோவுக்கு மேலிருந்தோரில் 3 விழுக்காட்டினர்க்கே இருந்தது. தாயின் வயிற்றில் பட்ட பசி, ஐம்பதாம் வயதில் மகனின் நெஞ்சில் வலியாய் வருகிறது. கருவுற்ற பெண்ணுக்குச் சோறும் ஓய்வும் கிடைக்காத குடும்பத்தில் பிறந்தவனை, நடைப்பயிற்சி செய்யாததால் நோய் வந்தது என்று கடிந்துகொள்வது எவ்வகையில் நியாயம்?

உணவைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் எளியோர்க்கு நாம் நினைப்பதுபோல் விரிந்ததன்று. வயிற்றை நிரப்புவதில் மலிவானது தீட்டிய அரிசி. அதற்கடுத்து மலிவானவை பேக்கரிப் பன்னும் எண்ணெயில் பொரித்த பண்டமும் சர்க்கரை மிகுந்த தேநீரும். காய்கனிகளும் பருப்பும் விலையேறும்போது முதலில் குறைவது இவ்வீட்டுத் தட்டுகளில்தான். இந்தியாவிலேயே மிகுதியாகக் கேழ்வரகு விளைவிக்கும் மாநிலம் கர்நாடகம். அத்தானியம் நகரத்து நியாயவிலைக் கடையில் தடையின்றியும் தரமாகவும் கிடைப்பது, ஆயிரம் சுவரொட்டிகளைவிட மேலான நோய்த்தடுப்பு. நடக்கச் சொல்லும் அரசு, நடைபாதையைக் கொடுத்திருக்கிறதா என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும். இரு சக்கர வண்டிகளும் கடைச் சரக்கும் திறந்த சாக்கடையும் அடைத்துக்கொண்ட தெருவில், ஐம்பது வயதுப் பெண்மணி எங்கே நடப்பார்?

அடுத்தது மொழி. நீலசந்திராத் தமிழர் கன்னடம் பேசத் தெரியாதவரல்லர். கடையிலும் பேருந்திலும் பணியிடத்திலும் அதைப் பேசியே வாழ்கின்றனர், பேசவும் வேண்டும். வாழும் மாநிலத்தின் மொழியைக் கற்பது கடமை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் மருந்து அட்டையில் உள்ளது ஆங்கில எழுத்து. அறிவிப்புப் பலகையில் உள்ளது கன்னட எழுத்து. பேசத் தெரிந்த முதியவருக்கு இரண்டையும் படிக்கத் தெரியாது. இன்சுலினை உணவுக்கு எவ்வளவு நேரம் முன்பு போடவேண்டும், சர்க்கரை திடீரெனத் தாழ்ந்தால் என்ன செய்யவேண்டும் என்பதைத் தாய்மொழியில் விளக்கிச் சொல்வது மொழி அரசியலன்று, உயிர்காக்கும் செயல். அதே நெறி உருது பேசுவோர்க்கும் பொருந்தும்.

மொழிச் சிறுபான்மையர்க்கான காப்புகளை நம் அரசமைப்பு மறந்துவிடவில்லை. 1956-இல் செய்த ஏழாம் திருத்தம், தொடக்கக் கல்வியில் தாய்மொழிக்கு இடமளிக்கும் 350அ பிரிவையும், சிறப்பு அலுவலரை ஏற்படுத்தும் 350ஆ பிரிவையும் சேர்த்தது. மாவட்டத்திலோ அதனினும் சிறிய பகுதியிலோ மக்கள்தொகையில் 15 விழுக்காட்டினர் பேசும் மொழியில் முதன்மையான அரசு அறிவிப்புகளை வெளியிடவேண்டும் என்பதும் அக்காலம் தொட்டே ஏற்கப்பட்ட நெறி. ஆயினும் இக்காப்புகள் பள்ளிக்கூடத்தையும் அரசாணையையும் சுற்றியே நின்றுவிட்டன. மருத்துவரின் மேசைக்கு வரவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி கர்நாடகத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் சுமார் 21 லட்சம். இவர்கள் பிள்ளைகளின் பாடநூல் பற்றிக் கவலைப்பட்ட அளவில் ஒரு பங்காவது, பெற்றோரின் மருந்துச் சீட்டு பற்றி எவரேனும் கவலைப்பட்டதுண்டா? உயிர்வாழும் உரிமையைக் கூறும் 21-ஆம் பிரிவில் உரிய நேரத்து மருத்துவ உதவியும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தெளிவுபடுத்தியது. பொதுநல்வாழ்வை உயர்த்துவது அரசின் முதற்கடமைகளுள் ஒன்று என்கிறது 47-ஆம் பிரிவு. இவற்றைச் சேர்த்துப் படித்தால், சிறுபான்மையரின் உடல்நலம் சலுகையாகக் கேட்டுப்பெறுவது அன்று என்பது விளங்கும்.

கர்நாடக அரசு கைகட்டி நிற்கிறது என்றும் நாம் சொல்லவில்லை. 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம கிளினிக்’ திட்டம், பெங்களூருவில் மாநகராட்சி வட்டத்துக்கு (வார்டு) ஒன்று என்ற நோக்கத்துடன் வந்தது. 2024-இல் கோலார் மாவட்டத்தில் முன்னோட்டமாகத் தொடங்கிய ‘க்ருஹ ஆரோக்ய’ திட்டம், வீடு தேடிச் சென்று நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, புற்றுநோய் உள்ளிட்ட நோய்களுக்குச் சோதனை செய்கிறது. இவை வரவேற்கத்தக்கவை. எனினும் கண்டறிவதோடு நின்றால் அது பாதிப் பணியே. நோய் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, மருந்துக்கு மீண்டும் பகல்நேர வரிசையில் வந்து நில்லுங்கள் என்றால், கூலியை இழக்க முடியாதவர் தம் நோயைத் தெரிந்துகொண்டே வளர்ப்பார்.

இதற்கு மாற்று வெகுதொலைவில் இல்லை. ஒசூர்ச் சாலை வழியே எல்லையைக் கடந்தால் வரும் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கிற்று. அங்கே பெண் தன்னார்வலர் தெருத்தெருவாகச் சென்று அழுத்தம் பார்க்கின்றனர், சர்க்கரை பார்க்கின்றனர், மாத மருந்தை வாசலிலேயே கொடுக்கின்றனர். படுத்த படுக்கையாய் இருப்போர்க்கு இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. 2024-இல் ஐக்கிய நாடுகள் அவையின் பணிக்குழு விருது இத்திட்டத்துக்குக் கிடைத்தது. அதில் குறைகள் இல்லாமலில்லை; ஊக்கத்தொகை மட்டும் பெறும் அப்பெண்களின் உழைப்புக்கு உரிய ஊதியம் இன்னும் தரப்படவேண்டும். ஆனால் அதன் அடிப்படை சரியானது. நோயாளியை நிலையத்துக்கு இழுப்பதைவிட நிலையத்தை நோயாளியிடம் கொண்டுசெல்வது எளிது, செலவும் குறைவு.

தடுப்பு இயலும் என்பதற்குச் சென்னையே சான்று. மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, நோயின் முன்நிலையில் இருந்த 531 பேரை மூன்றாண்டுகள் தொடர்ந்தது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றோரில் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு ஆளாயினர். உணவிலும் நடையிலும் தொடர்ந்து வழிகாட்டப்பட்டோரில் அது 39.3 விழுக்காடாகக் குறைந்தது. மருந்தாலும் ஏறக்குறைய அதே பயன் கிட்டியது. இதில் கருதத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. உடலுழைப்பாளரையும் மிதிவண்டியில் வேலைக்குச் செல்வோரையும் புதிதாக நடக்கச் சொல்லவில்லை. அவர்களுடைய உழைப்பை உள்ளபடியே ஏற்றுக்கொண்டு, உணவில் மட்டும் திருத்தம் சொன்னார்கள். மக்களின் வாழ்வைப் பார்த்து வகுத்த வழியே பயன் தரும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

கடல்கடந்த சான்று ஒன்றும் இங்குப் பொருந்தும். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் கறுப்பின ஆடவர் இரத்தக் கொதிப்பால் பெருவாரியாக மடிந்துகொண்டிருந்தனர். மருத்துவமனை மேல் அவர்களுக்கு நம்பிக்கையில்லை. முடிதிருத்தகத்தின் மேல் இருந்தது. மருத்துவர் ரானல்ட் விக்டர் குழுவினர் 52 முடிதிருத்தகங்களில் 319 ஆடவரைச் சேர்த்தனர். ஒரு பாதிக் கடைகளில், முடிவெட்ட வந்த இடத்திலேயே மருந்தாளுநர் அழுத்தம் பார்த்து மருந்தும் எழுதினார். மறுபாதியில் கடைக்காரர் அறிவுரை மட்டும் கூறி மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். ஆறு மாதத்தில் முதற்பிரிவினரின் மேலழுத்தம் 27 புள்ளிகள் குறைந்தது. மற்றவர்க்கு 9 புள்ளிகளே. 2018-இல் வெளியான இம்முடிவின் பாடம் எளிது: நம்பும் இடத்தில் மருந்தைக் கொடுத்தால் மக்கள் ஏற்கிறார்கள், அறிவுரை மட்டும் கொடுத்தால் கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

நீலசந்திராவில் அத்தகைய நம்பிக்கை இடங்களுக்குப் பஞ்சமில்லை. ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் கூடும் ஆலய முற்றம், வெள்ளித் தொழுகை முடியும் பள்ளிவாசல், ஆடியில் கூழ் வார்க்கும் அம்மன் கோயில், அம்பேத்கர் பெயர் தாங்கிய சங்கங்கள், காற்பந்தால் பேர்பெற்ற ஆஸ்டின் டவுன் மைதானம், ஓட்டுநர் நிறுத்தம் ஆகிய எல்லாமே சோதனை மையமாகத் தக்கவை. இரமலான் நோன்புக்கு ஒரு மாதம் முன்பே நீரிழிவுள்ளோரை அழைத்து, மருந்தளவையும் வேளையையும் மருத்துவர் மாற்றித் தருவது, நோன்பையும் காக்கும், உயிரையும் காக்கும். சமய நம்பிக்கையை மருத்துவத்துக்குத் தடையாகக் கருதும் அதிகாரிகள், அதையே துணையாகக் கொள்ளும் வழியை அறியவேண்டும்.

ஆகவே நாம் வற்புறுத்துவன இவை. முதலாவது, மாலை நேரம். உழைப்போர் வாழும் வட்டங்களில் நம்ம கிளினிக்குகளும் ஆரம்ப நிலையங்களும் வாரத்தில் சில நாளேனும் இரவு எட்டு மணிவரையும், ஞாயிற்றுக்கிழமை முற்பகலிலும் திறந்திருக்கவேண்டும். இரண்டாவது, இடைவெளியற்ற மருந்து. நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உரிய அடிப்படை மாத்திரைகள் விலை குறைந்தவை; அவை ‘இன்று இல்லை, அடுத்த வாரம் வாருங்கள்’ என்ற சொல்லே எழாதபடி இருப்பில் இருக்கவேண்டும். நிலையான நோயாளிக்கு இரண்டு மாத மருந்தை ஒருங்கே தருவதில் தவறில்லை.

மூன்றாவது, மொழி. நோயாளிக் கையேடும் மருந்து உறையில் இடும் குறியீடும் கன்னடத்தோடு தமிழிலும் உருதுவிலும் அமையவேண்டும். எழுத்தறியாதோர்க்குச் சூரியனும் பிறையும் வரைந்து காலை இரவு வேளைகளைக் காட்டவேண்டும். ஆஷா பணியாளரை நியமிக்கும்போது அத்தெருவின் மொழி அறிந்த, அத்தெருவிலேயே வாழும் பெண்ணுக்கு முன்னுரிமை வேண்டும். 2013-இல் வந்த தேசிய நகர்ப்புறச் சுகாதார இயக்கம், ஐம்பது முதல் நூறு வீடுகளுக்கு ஒரு மகளிர் ஆரோக்கிய சமிதி என்று வகுத்துள்ளது. ஏட்டளவில் உள்ள சமிதிகளை உயிர்ப்பித்தாலே பாதி வேலை முடியும்.

நான்காவது, கணக்கு. 2025-இல் பெங்களூரு ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்து, பெருநகர ஆணையத்தின் கீழ் வந்துள்ளது. எல்லைகளை மாற்றும் இவ்வேளையில் சுகாதாரக் கணக்கும் மாறட்டும். மாநகரம் முழுவதற்குமான சராசரி, கோரமங்கலாவின் நலத்தால் நீலசந்திராவின் நலிவை மறைத்துவிடும். எத்தனை பேரைச் சோதித்தோம் என்று எண்ணுவதைவிட, நோய் கண்டவருள் எத்தனை பேர்க்கு ஓராண்டுக்குப் பின் சர்க்கரையும் அழுத்தமும் கட்டுக்குள் உள்ளன என்பதை வட்டவாரியாக வெளியிடவேண்டும். ஐந்தாவது, கருவுற்ற தாய்மார். அவர்களுடைய ஊட்டமும் கர்ப்பகால நீரிழிவுச் சோதனையும் அடுத்த தலைமுறைக்கான தடுப்பு மருந்தாகக் கருதப்படவேண்டும். மைசூரு ஏடுகள் கற்பித்தது அதுவே.

அரசை மட்டும் கேட்டுவிட்டு நாம் விலகிக்கொள்ள இயலாது. பெங்களூருத் தமிழருக்கு 1950 முதல் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. பூட்டிக்கிடந்த வள்ளுவர் சிலையைப் பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்து 2009-இல் திறக்கச்செய்த உறுதியும் இருக்கிறது. ஆலயங்கள், பள்ளிவாசல்கள், வணிகர் கூட்டமைப்புகள், ஓய்வுபெற்ற செவிலியர், மருந்தாளுநர், ஆசிரியர் என மனிதவளத்துக்கும் குறைவில்லை. விழாவுக்கும் மேடைக்கும் திரட்டும் பொருளில் ஒரு பகுதியை, மாதந்தோறும் தவறாமல் நடக்கும் அழுத்தச் சோதனைக்குத் திருப்பினால் போதும். ஒருநாள் முகாம் நடத்திப் படம் எடுத்துக்கொள்வதால் நாட்பட்ட நோய் அடங்காது. அந்நோய்க்கு நாட்பட்ட கவனமே மருந்து. அன்னதானத்தில் சர்க்கரைப் பொங்கலோடு சுண்டலுக்கும் காய்கறிக்கும் இடமளிப்பதும், திருமண விருந்தில் வெற்றிலையோடு புகையிலை நீட்டும் வழக்கத்தைக் கைவிடுவதும் எந்த அரசாணைக்கும் காத்திராதவை.

வீட்டுக்குள்ளும் ஒரு திருத்தம் வேண்டும். கடைசியாக உண்பவளும், மிஞ்சியதை உண்பவளும், தன் மாத்திரைக்கான பணத்தில் பிள்ளைக்கு நோட்டுப்புத்தகம் வாங்குபவளும் நம் வீட்டுப் பெண்ணே. காடுகொண்டனஹள்ளியில் நாட்பட்ட நோய் உண்டெனக் கூறியோரில் ஆண்களைவிடப் பெண்கள் மிகுதி. மருத்துவரிடம் போவதற்குக் கணவன் அல்லது மகனின் ஓய்வு நேரத்தை எதிர்பார்த்திருக்கும் நிலை மாறாமல் எத்திட்டமும் முழுப்பயன் தராது.

செலவு மிகும் என்பார் ஒருவர். சிறுநீரகம் பழுதுற்றவர்க்கு வாரம் இருமுறையோ மும்முறையோ ஆயுள் முழுதும் செய்யவேண்டிய டயாலிசிஸ் செலவையும், கால் இழந்தவரின் குடும்பம் இழக்கும் கூலியையும், அதனால் பள்ளியைவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளையின் எதிர்காலத்தையும் ஒரு தட்டில் வைத்துப் பார்க்கட்டும். மறுதட்டில் உள்ளவை சில ரூபாய் மாத்திரை, தெருவில் நடந்துவரும் ஒரு பெண் பணியாளரின் ஊதியம், மாலையில் மூன்று மணி நேர விளக்கு. எது மிகுதி என்று கணக்கறிந்த எவரும் சொல்வர்.

சிறுபான்மையர் நலம் என்று நாம் பேசுவது தனிச்சலுகை வேண்டியன்று. பெரும்பான்மையோர்க்கு எளிதில் எட்டுவது இவர்களுக்கும் எட்டவேண்டும் என்பதே வேண்டுகோள். நீலசந்திராவில் வெற்றிபெறும் முறை, சிவாஜிநகரிலும் காடுகொண்டனஹள்ளியிலும் கோலார் தங்கவயலிலும், கன்னடமே பேசும் எளியோர் தெருக்களிலும் அவ்வாறே வெற்றிபெறும். வரும் மாநில வரவுசெலவுத் திட்டத்தில் நெரிசல் வட்டங்களின் மாலைநேர நிலையங்களுக்கும் வீடு தேடிச்செல்லும் மருந்துக்கும் தனி நிதி ஒதுக்கப்படவேண்டும். அடுத்த மாநகராட்சித் தேர்தலில் வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொரு வேட்பாளரிடமும் இம்மக்கள் அதைக் கேட்கவேண்டும். கேட்பது அவர்கள் உரிமை. கொடுப்பது ஆள்வோர் கடன்.